எல்லோரும் வேண்டாம் என்ற தண்ணீர்

எவர்சில்வர் தட்டில் ஒற்றைக் கண்ணாடித் தம்ளர். மேலே வட்டமாக வெட்டிய காகித மூடி. அதைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தது யார் என்பது இப்போது நினைவில்லை. மண்டபத்து ஆளாக இருக்கலாம்.

கல்யாண மண்டபம் அது. முந்தின நாள்தான் ஏதோ முகூர்த்தம் நடந்திருந்தது. மேடைக்குப் பின்னால் மணமக்கள் பெயரைத் தெர்மோகோலில் வெட்டி ஒட்டியிருந்ததில் பாதி எழுத்துகள் இன்னும் சுவரில் இருந்தன. வாடிய சம்பங்கி வாசனையும் சாம்பார் வாசனையும் போகவில்லை. கோடைகாலம். மேலே விசிறிகள் சுற்றினாலும் காற்று சூடாகத்தான் இறங்கியது.

கீழே ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள்தான் அதிகம். எங்கள் ஊரில் அந்தக் கோடையில் காவிரித் தண்ணீர் குழாயில் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாத நிலை. வந்தால் குடத்தோடு ஓடவேண்டியவர்கள் அவர்கள்தானே.

நகராட்சிப் பொறியாளர் மைக்கைப் பிடித்தார். சின்ன வயசுக்காரர். வெளிமாவட்டத்திலிருந்து வந்தவர்.

"நம்ம கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துல சுத்தம் பண்ணின தண்ணி இது. அந்தத் தண்ணியத்தான் ஏரிக்கு விடப்போறோம். நிலையத்தோட கெமிஸ்ட் மேடம் இப்ப உங்க கண்ணு முன்னாடி இதைக் குடிச்சுக் காட்டுவாங்க."

நான் காகித மூடியை எடுத்தேன். தம்ளரை உதட்டருகே கொண்டுபோனேன். கை அங்கேயே நின்றுவிட்டது.

தண்ணீரில் எந்த வாசனையும் இல்லை. எங்கள் நிலையத்துத் தண்ணீருக்குக் கடைசியில் குளோரின் போடுவோம். அந்த நெடி லேசாகவாவது இருக்கும். இது கடையில் வாங்கும் கேன் தண்ணீர்.

பொறியாளர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு என் பக்கம் குனிந்தார். "கேன் தண்ணிதான் மேடம். பயப்படாம குடிங்க."

மூக்கு பழகிய வேலை

இந்தத் தொடரைப் படித்துவரும் ஒரு வாசகி சென்ற வாரம் தொலைபேசியில் கேட்டார்: "சாக்கடைத் தண்ணியில போய் என்னங்க சோதிக்கறதுக்கு இருக்குது?" நியாயமான கேள்வி. என் மாமியார் வீட்டிலும் கல்யாணமான புதிதில் இதையேதான் கேட்டார்கள்.

நான் பிறந்தது வாழப்பாடி. வேதியியல் படித்தேன். வாழ்க்கைப்பட்டது நாமக்கல் மாவட்டத்தில், ராசிபுரத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் ஓர் ஊர். பெயர் வேண்டாம். வந்த புதிதில் இங்கே எல்லோரும் வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுப் பேசுவதைக் கேட்டு, என்னிடம் ஏதோ வேலை ஆகவேண்டியிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். பிறகு பழகிவிட்டது. இப்போது வாழப்பாடிக்குப் போனால் என் பேச்சைக் கேட்டுத்தான் சிரிக்கிறார்கள்.

ஊருக்கு வெளியே நிலையம் கட்டியபோது, அதை நடத்த ஒப்பந்தம் எடுத்த நிறுவனம் ஆய்வகத்துக்கு ஆள் தேடியது. நான் சேர்ந்தேன். நகராட்சி உத்தியோகம் அல்ல. நிறுவனம் வேண்டாம் என்றால் அன்றோடு முடிந்தது.

வீடுகளிலிருந்து வரும் கழிவுநீர் முதலில் பெரிய கம்பிச் சல்லடைக்கு வரும். பிறகு மணல் தங்கும் தொட்டி. அதன் பிறகு காற்றூட்டும் தொட்டி. அதில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கும். அழுக்கைத் தின்பது அவற்றின் வேலை. அவை மூச்சுவிடக் காற்றைச் செலுத்திக்கொண்டிருப்பது எங்கள் வேலை. தின்று கொழுத்த கிருமிகள் அடுத்த தொட்டியில் சகதியாகப் படியும். மேலே தெளிந்து நிற்கும் தண்ணீருக்குக் குளோரின் போட்டு வெளியே விடுவோம்.

பலர் நம்பமாட்டார்கள். காற்றூட்டும் தொட்டி நன்றாக இருந்தால் நாறாது. பால் விடாத தேநீர் நிறத்தில் கொதிப்பதுபோல் புரண்டுகொண்டிருக்கும். கிட்டே போனால் மழை விழுந்த செம்மண்ணின் வாசனை வரும். அந்த வாசனை மாறினால் ஏதோ கெட்டுவிட்டது என்று அர்த்தம். ஆய்வகத்தில் சோதனை முடிவு வர நாளாகும். மூக்கு உடனே சொல்லிவிடும்.

ஊரில் நடப்பதெல்லாம் எங்களுக்குத் தண்ணீரில் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஷாம்பு நுரை வரும். கூடவே கறிக்குழம்புக் கொழுப்பு. தீபாவளிக்கு மறுநாள் பலகாரம் சுட்ட எண்ணெய் மிதக்கும். தறிகள் நிறைந்த தெருக்களிலிருந்து நூல் கழிவு வந்து சல்லடையில் சடைபோல் பின்னிக்கொள்ளும். எந்தப் பட்டறையிலிருந்தோ யாரோ சாயத்தைத் திறந்துவிட்டால் அன்று தண்ணீர் ரோஜா நிறத்தில் வரும். அழகாகத்தான் இருக்கும். ஆனால் கிருமிகள் செத்துப்போகும். மறுபடி தொட்டியைத் தேற்றுவதற்குள் எங்களுக்குச் சோறு இறங்காது.

இவ்வளவு பாடுபட்டுச் சுத்தம் செய்த தண்ணீரை நாங்கள் ஓடையில் விட்டுக்கொண்டிருந்தோம். அது யாரும் கேட்காமல் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கோடை வரும்வரை.

புகைதான் வந்தது

என் கணவர் செல்வராஜ் ரிக் வண்டியில் வேலை செய்தவர். ஆழ்துளைக் கிணறு போடும் வண்டி. எங்கள் பக்கத்து ஆண்களில் பாதிப்பேர் அந்த வண்டியோடு வடக்கே போய்வந்தவர்கள். வருஷத்தில் பல மாதம் ராஜஸ்தானிலும் ஜார்கண்டிலும் துளை போட்டுவிட்டு, மழைக்காலத்தில் வீடு வருவார். அந்தந்த ஊர்ப் பாஷையில் தண்ணீருக்கு என்ன வார்த்தை என்பது அவருக்குத் தெரியும். அது ஒன்றுதான் தெரியும்.

அந்தக் கோடையில் அவர் ஊரில் இருந்தார். எங்கள் தெருவில் எல்லாப் போர்களும் ஒன்றன்பின் ஒன்றாக வற்றின. தெருக்காரர்கள் சேர்ந்து ஒரு பொதுப் போர் போடலாம் என்றார்கள். செல்வராஜே முன்னின்று தெரிந்த வண்டியை வரவழைத்தார்.

விடிந்ததும் துளைக்க ஆரம்பித்தார்கள். குழாய்க்கு மேல் குழாயாக இறக்கிக்கொண்டே போனார்கள். ஈரம் தட்டினால் துளையிலிருந்து சேறு வரவேண்டும். வெள்ளைப் புகை மட்டும் வந்தது. பாறைத் தூள். கொடியில் காய்ந்த துணி, வாசல் கோலம், செம்பருத்திச் செடி எல்லாவற்றின் மேலும் மாவு சலித்ததுபோல் படிந்தது. ஆயிரம் அடியையும் தாண்டிப் போயிற்று. வண்டிக்காரர்கள் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

புருவமெல்லாம் வெள்ளையாக வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். நான் பக்கெட்டின் அடியில் இருந்த தண்ணீரில் ஒரு சொம்பு எடுத்துக் கொடுத்தேன். முகம் கழுவவில்லை. பாதியைக் குடித்துவிட்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தார்.

"கீழ இல்லைங்கோ," என்றார் தெருக்காரர்களிடம். "எல்லாத்தையும் உறிஞ்சிப்போட்டோம். இனி மேல இருந்து எதாச்சும் எறங்குனாத்தான் உண்டு."

அந்த வாரம்தான் நகராட்சியில் முடிவெடுத்தார்கள். நிலையத்துத் தண்ணீர் முழுவதையும் குழாயில் திருப்பி, வறண்டு கிடக்கும் ஏரிக்கு விடுவது. மண் வழியாக அது கீழே இறங்கும். சுற்றிலும் உள்ள போர்கள் ஊறும். குளிக்க, துவைக்க, கக்கூசுக்கு, தறிப்பட்டறைகளுக்கு அந்தத் தண்ணீர் போதும். காவிரித் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு அது சரியென்றே பட்டது. இன்றும் சரியென்றுதான் சொல்வேன். ஆனால் ஓடையின் மறுகோடியில் பாவாயி இருந்தார்.

பாவாயியின் கிணறு

பாவாயிக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். ஓடையோரம் கொஞ்சம் நிலம். அதில் தீவனப் புல். கட்டுத்தரையில் எருமைகள். காலையும் மாலையும் மொபெட்டில் கேனைக் கட்டிக்கொண்டு ஊருக்குள் வந்து அவரே பால் ஊற்றுவார். கணவர் இறந்த பிறகு தனியாகத்தான் எல்லாம்.

ஏரிக்குக் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டியவர்கள் ஒருநாள் வேலை செய்ய முடியாமல் திரும்பினார்கள். பாவாயி தன் எருமைகளைப் பள்ளத்தின் குறுக்கே முளையடித்துக் கட்டியிருந்தார்.

அதே சமயம் பொறியாளருக்கு வேறொரு கவலை. மண்ணில் இறங்கினால் இந்தத் தண்ணீர் தெளியும் என்பதை ஊருக்கு எப்படிக் காட்டுவது? ஓடையோரக் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்துப் பார்க்கச் சொல்லி என்னை அனுப்பினார். ஓடையோரம் இருந்த கிணறு பாவாயியினுடையது.

அகலமான பழைய கிணறு. உள்ளே கல் படிகள். எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டேன். ஊரே புகையைப் பார்த்துக்கொண்டிருந்த கோடையில் அங்கே கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் இருந்தது. மேலே புங்க இலைகள் மிதந்தன. தூக்கணாங்குருவிக் கூடுகள் தண்ணீரைத் தொடுவதுபோல் தொங்கின.

"எட்டிப் பாத்தது போதும், எறங்கிப் பாருங்க அம்மிணி," என்றார் பாவாயி. "பாசி இருக்குது. பாத்து."

பாட்டிலில் பிடித்துக்கொண்டேன். அவர் கேட்டார்: "இதைக் கொண்டுபோயி என்ன பண்ணுவீங்க?"

"சோதிச்சுப் பார்த்துட்டு வந்து சொல்றேங்க அக்கா."

சொன்னபடி போய்ச் சொன்னேன். கிணற்றுத் தண்ணீர் ஓடைத் தண்ணீரைவிடத் தெளிவாக இருந்தது. பயிருக்கும் மாட்டுக்கும் பழுதில்லை. கொஞ்சம் உப்பு இருந்தது. மனிதர்கள் அப்படியே குடிக்க வேண்டாம் என்றேன்.

"நாங் குடிக்கறதில்லீங்க. குடிக்கறது டேங்கர்த் தண்ணிதான்," என்றார். பிறகு புல் அறுத்த அரிவாளைக் கீழே வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார்.

"என்ர கெணறு நல்லாருக்குதுன்னு ஊருக்குள்ள போயிச் சொல்லுவீங்க. அதைக் கேட்டுப்போட்டு அவுங்க சரிம்பாங்க. சரின்னதும் இந்தத் தண்ணியக் கொழாயில திருப்பிக் கொண்டுபோயிருவீங்க. அப்பறம் என்ர கெணறு என்னாகுமுங்க?"

பதில் எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். வற்றிவிடும்.

பொறியாளரிடம் போய் ஒரு பங்கையாவது ஓடையில் விடக்கூடாதா என்று கேட்டேன். "மொத்தமும் ஏரிக்குன்னு திட்டம் போட்டாச்சு மேடம். ஒரு எருமைக்காரம்மாவுக்காக மாத்த முடியுமா?" என்றார். அவர் கெட்டவர் அல்ல. காலையில் ஐந்து மணிக்கே ஊர்ப் பெண்கள் அவர் வீட்டு வாசலில் காலிக் குடத்தோடு நின்றுகொண்டிருந்த காலம் அது. மனிதர் இளைத்துப் போயிருந்தார்.

மண்டபக் கூட்டத்துக்கு முந்தின நாள் அவர்தான் சொன்னார்: "நாளைக்கு ஒரு வாய் குடிச்சுக் காட்டிருங்க மேடம். ஜனம் நம்பிரும்."

"அது குடிக்கிறதுக்குச் சுத்தம் பண்ணின தண்ணி இல்லைங்க சார். பாட்டில்ல கொண்டாந்து காட்டுறேன். பார்க்கட்டும், மோந்து பார்க்கட்டும்," என்றேன்.

"சரி, பார்த்துக்கலாம்," என்றார்.

அவர் பார்த்துக்கொண்ட விதம்தான் அந்தக் கேன் தண்ணீர்.

மேடையில்

தம்ளரைக் கீழே வைத்தேன்.

பெரிய துணிச்சல் ஒன்றும் இல்லை. குடித்துவிட்டால் கைதட்டுவார்கள், வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் நாளைக்கு யாராவது என்னை நம்பி ஏரித் தண்ணீரை அள்ளிக் குடித்தால்? ஒரு குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால்? அதை நினைத்ததும் தம்ளரை மறுபடி எடுக்கக் கை வரவில்லை.

மைக்கை என் பக்கம் திருப்பினேன்.

"இது நம்ம நிலையத்துத் தண்ணி இல்லைங்க. கேன் தண்ணி."

பொறியாளர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் பக்கம் நான் பார்க்கவில்லை.

"நிலையத்துத் தண்ணி என் பையில இருக்குது. இன்னைக்குக் காலையில பிடிச்சது." பாட்டிலை எடுத்து உயர்த்திக் காட்டினேன். "இதையும் நான் குடிக்க மாட்டேன். நீங்களும் குடிக்கக் கூடாது. குடிக்கிற அளவுக்கு நாங்க சுத்தம் பண்ணலை. அதுக்கு இன்னும் பெரிய மெஷினெல்லாம் வேணும், அது நம்மகிட்ட இல்லை. ஆனா இது ஏரியில நின்னா ஏரி கெடாது. மண்ணுல இறங்கினா இன்னும் தெளியும். உங்க போர்ல ஊறி வந்தா குளிக்கலாம், துவைக்கலாம். தறி ஓட்டலாம். தினமும் நான் சோதிக்கிறேன். என்னைக்குத் தண்ணி கெட்டிருக்குதோ அன்னைக்கு ஏரிக்கு விடமாட்டோம். இவ்வளவுதாங்க என்னால சொல்ல முடியும்."

பாட்டில் கீழே கை மாறிப் போயிற்று. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள். மூடியைத் திறந்து மோந்தார்கள். முன்வரிசையில் ஒரு பெண் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "பிளீச்சிங் பவுடர் வாசந்தான் அடிக்குது. வேற ஒண்ணுமில்லை."

காய்கறிக் கடைக்காரர் ஒருவர் எழுந்தார். சந்தையில் நான் வழக்கமாகத் தக்காளி வாங்குகிறவர்.

"மேடம் சொல்றதெல்லாம் சரிங்க. கேன் தண்ணியக் காட்டி ஏமாத்தப் பாத்தாங்களே, அதைச் சொன்னீங்க பாருங்க, அதுவும் சரிங்க. ஆனா அது எங்கிருந்து வார தண்ணின்னு எல்லாத்துக்கும் தெரியுமில்லீங்களா? மனசு ஒப்பலீங்க. எங்களுக்கு வேண்டாங்க."

"ஆமாங்க, வேண்டாங்க," என்று பின்னால் பல குரல்கள். கையைத் தூக்கினார்கள். பாதி மண்டபம் தூக்கியது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அது யார் தண்ணீர்?

அப்போதுதான் கடைசி வரிசையில் பாவாயி எழுந்ததைப் பார்த்தேன். அவர் நகராட்சி எல்லைக்கு வெளியே இருப்பவர். கூட்டத்துக்கு அவரை யாரும் அழைக்கவில்லை. பால் ஊற்றிவிட்டு வந்திருந்தார் போலும். காலிக் கேன் காலடியில் இருந்தது.

"ரொம்ப நல்லதாப் போச்சுங்க," என்றார். மைக் இல்லாமலே அவர் குரல் மேடைவரை வந்தது. "உங்க யாருக்கும் வேண்டாம்னா எனக்கே உட்டுருங்க. எத்தனை வருசமா அந்தத் தண்ணியிலதான் பொழைக்கறேன். என்ர புல்லு அதுலதான் வெளையுது. எருமை அந்தப் புல்லைத்தான் திங்குது. அந்தப் பாலைத்தான் இங்க இருக்கற பாதிப்பேரு காப்பி வெச்சுக் குடிக்கறீங்க. எனக்கு ஒரு அருவருப்பும் இல்லீங்க. மொத்தமும் எனக்குன்னு இப்பவே சொல்லிப்போடுங்க. நாங் கும்பிட்டுப்போட்டுப் போறேன்."

கைகள் மெல்ல இறங்கின. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

காய்கறிக் கடைக்காரர் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

"அதெப்படீங்க மொத்தமும்?" என்றார். "அது எங்க ஊட்டுல இருந்து போற தண்ணியில்லீங்களா?"

யாரோ சிரித்தார்கள். பிறகு மண்டபமே சிரித்தது. கடைக்காரருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பாவாயி மட்டும் சிரிக்கவில்லை. அவர் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தார்.

எங்கள் வார்டு உறுப்பினர், டெய்லர் கடை வைத்திருக்கும் ஒரு பெண், அதிகம் பேசாதவர், என்னைப் பார்த்துக் கேட்டார்: "அந்த அக்காவுக்கு ஒரு பங்கு உட்டா ஏரிக்குப் பத்தாதுங்களா?"

"பத்தும். மெதுவா நிரம்பும்."

"அப்ப மெதுவாவே நெரம்பட்டும். ஒரு கோடை பாப்போம். நல்லால்லைன்னா நிறுத்திப்போடலாம்."

அதற்கு மேல் பெரிய விவாதம் இல்லை. பசி வேளை ஆகிவிட்டது. ஓடைக்கு மூன்றில் ஒரு பங்கு, ஏரிக்கு மீதி என்று பேசி முடித்தார்கள். பாவாயி கேனை எடுத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் போனார். மூன்றில் ஒன்று என்பது அவருக்கு வெற்றி அல்ல. அதுவரை முழுவதும் அவருக்குத்தானே ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டில் இருந்த வாரங்கள்

மறுநாள் காலை நிறுவனத்திலிருந்து போன் வந்தது. அடுத்த தகவல் வரும்வரை நான் வேலைக்கு வரவேண்டாம்.

செல்வராஜிடம் சொன்னேன். அவர் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "சட்னி உப்பா இருக்குது," என்றார். சற்றுநேரம் கழித்து, "நீ சொன்னதுல எதாச்சும் பொய்யா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்பறம் என்ன," என்று கை கழுவ எழுந்தார். எங்கள் வீட்டில் ஆறுதல் என்பது இந்த அளவில்தான் கிடைக்கும். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

ஆனாலும் அந்த வாரங்கள் நல்லபடியாகப் போகவில்லை. சமைக்கும்போது நடுவில் அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் போய் நிற்பேன். காற்று தெற்கிலிருந்து அடித்தால் நிலையத்தின் வாசனை எங்கள் தெருவரை வரும். ஒரு நாள் அழுகிய முட்டை நாற்றம் வந்தது. காற்றூட்டும் மோட்டார் நின்றிருக்கிறது என்று தெரிந்தது. போன் செய்து சொன்னேன். எடுத்தவர் "சரிங்க மேடம்" என்று வைத்துவிட்டார். அன்று மதியம் எனக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை.

பொறியாளர் ஒரு நாள் பிற்பகல் வீட்டுக்கே வந்தார். நாற்காலி போட்டேன். உட்காரவில்லை.

"நீங்க அன்னைக்குச் செஞ்சது எனக்குப் பிடிக்கலை மேடம்," என்றார். "இப்பவும் பிடிக்கலை. என்கிட்டத் தனியா சொல்லியிருக்கலாம்."

"முந்தின நாளே சொன்னேங்க சார்."

கர்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வார்டுல போற இடமெல்லாம், அந்த மேடம் பார்த்துச் சரின்னு சொன்னாத்தான் ஏரிக்குத் திறக்கணும்ங்கறாங்க. நீங்க வராம நான் திறக்க முடியாது. கம்பெனிகிட்டப் பேசிட்டேன். நாளைக்கு வந்துடுங்க."

மோர் கொடுத்தேன். நின்றபடியே குடித்தார். மறுநாள் போனேன். தொட்டி மறுபடி மண் வாசனைக்கு வர நாளாயிற்று. அதுவரை ஏரிக்குத் திறக்கவில்லை. அவரும் அவசரப்படுத்தவில்லை.

ஏரி குடித்த தண்ணீர்

திறந்த அன்று நாங்கள் சிலபேர் ஏரிக்கரையில் நின்றோம். சீமைக் கருவேலத்தை வெட்டி அகற்றியிருந்தார்கள். நிலம் பாளம்பாளமாக வெடித்துக் கிடந்தது. குழாய் வாயில் முதலில் காற்று சீறியது. பிறகு தண்ணீர் வந்தது.

வந்த தண்ணீர் எங்கேயும் போகவில்லை. வெடிப்புக்குள் இறங்கிக் காணாமல் போயிற்று. உள்ளேயிருந்து பூச்சிகள் வெளியே ஓடின. எங்கிருந்தோ கொக்குகள் வந்து இறங்கின.

வாரக்கணக்கில் அப்படியே போனது. விடுகிற தண்ணீரையெல்லாம் ஏரி குடித்துக்கொண்டே இருந்தது. காய்கறிக் கடைக்காரர் தக்காளி எடைபோடும்போதெல்லாம் கேட்பார்: "ஏனுங்க மேடம், ஏரில எப்பத்தான் தண்ணியப் பாக்கறது?" எனக்கே சந்தேகம் வரத் தொடங்கியபோது ஒரு காலையில் குழாய் வாய்க்குக் கீழே தண்ணீர் தேங்கி நின்றது. ஐப்பசி மழையும் சேர்ந்துகொண்டது.

அடுத்த கோடையில் ஏரிக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பல வருஷமாக மூடிக்கிடந்த போரில் செல்வராஜ் ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கினார். மேலே இழுத்தபோது கயிற்றின் கடைசிப் பகுதி நனைந்திருந்தது. அந்த ஈரத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு கயிற்றைச் சுருட்டி என்னிடம் கொடுத்துவிட்டு, தலைமையாசிரியரிடம் மோட்டார் எங்கே இருக்கிறது என்று கேட்கப் போனார்.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. எங்கள் தெருவுக்கு அந்த ஊற்று வந்து சேரவில்லை. ஏரியிலிருந்து நாங்கள் தள்ளி, மேட்டில் இருக்கிறோம். எங்கள் போரில் இன்றும் ஒன்றும் இல்லை. ஆனால் ஏரிக்கரைத் தெருக்கள் தங்கள் போரிலேயே துவைத்துக் குளித்துக்கொண்டதால் எங்கள் பக்கம் காவிரிக் குழாய் கொஞ்சம் அடிக்கடி வந்தது. பொறியாளர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். போகும் முன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார், என்னிடமும்.

பால்

பாவாயியை நான் வெகுநாள் பார்க்கவில்லை. பார்க்கப் பயந்தேன் என்றே சொல்லலாம். ஓடைக்கு உள்ள பங்கு ஒழுங்காகப் போகிறதா என்று தினமும் மதகைப் போய்ப் பார்ப்பேன். அதற்கு அப்பால் நடக்கமாட்டேன்.

ஏரிக்குத் திறந்ததற்கு அடுத்த கோடையின் நடுவில் ஒருநாள் மதகருகே மொபெட் சத்தம் கேட்டது. பாவாயி வண்டியை நிறுத்திவிட்டு இறங்கவில்லை. ஒரு காலை மட்டும் கீழே ஊன்றிக்கொண்டார்.

"கெணத்துல தண்ணி அடிப்படிக்குப் போயிருச்சு அம்மிணி," என்றார். "ஆனா அங்கயே நிக்குது. அதுக்குக் கீழ எறங்கலை."

"புல்லு?"

"பாதிக் காட்டுலதான். ரெண்டு எருமையை வெலைக்குப் புடிச்சுக் குடுத்துட்டேன். சினையா இருந்ததுக."

"என் மேல கோபமாங்க அக்கா?" என்று கேட்டேன்.

"கோவந்தான்," என்றார் உடனே. "அன்னைக்கு நீங்க அந்தத் தண்ணியப் பத்தி நல்லதாச் சொல்லாம இருந்திருந்தா, அவுங்க வேண்டாம்னுட்டுப் போயிருப்பாங்க. மொத்தமும் எனக்கே வந்துட்டு இருந்திருக்கும்." பிறகு, "ஆனா நீங்க கேன் தண்ணியக் குடிச்சுப்போட்டு உக்காந்திருந்தா, என்ர பேச்சைக் கேக்கவே ஒருத்தரும் இருந்திருக்க மாட்டாங்க. அதுவும் தெரியுது. ரெண்டையும் யோசிச்சுப் பாத்தா ஒரு நாளைக்கு அது பெருசாத் தெரியுது, ஒரு நாளைக்கு இது பெருசாத் தெரியுது."

மதகில் தண்ணீர் ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. இருவரும் அதைப் பார்த்தோம்.

"உங்க ஊட்டுக்குப் பால் யாரு ஊத்தறாங்க?"

"பாக்கெட் பால்தாங்க."

"அது வேண்டாம். நாளையில இருந்து நாங் கொண்டாரேன். விடியறதுக்குள்ள ஏனத்தைக் கழுவி வெளிய வெச்சுருங்க."

"கோபம்னு சொன்னீங்களே."

"கோவம் இருந்தா பால் ஊத்தக் கூடாதுங்களா?" என்றார். வண்டியை உதைத்துக் கிளப்பினார்.

மறுநாள் விடியும்போது கதவைத் திறந்தேன். பாத்திரத்தின் கழுத்துவரை எருமைப்பால் இருந்தது. வெதுவெதுப்பாக, மேலே நுரையோடு. மொபெட் அதற்குள் அடுத்த தெருவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.